செங்காந்தள் காய்ந்துவிட்டது: செத்ததா, தூங்குகிறதா?

சாரல் | ஜனவரி 11, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு ஓசைப்படாமல் போய்க்கொண்டிருந்தேன். இன்று எழுத வேண்டிய நிலைமை.

போன ஜூனில் ஒருவர் ஒரு செங்காந்தள் கிழங்கு கொடுத்தார். அகலமான ஒரு தொட்டியில் வைத்தேன். மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் பென்சில் முனை மாதிரி ஒரு முளை வந்தது, வந்த வேகத்தில் என் தோள் உயரம் போய்விட்டது. செப்டம்பரில் நான்கு பூ. அந்தச் சிவப்பைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் நடுவில் அடி இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை போல என்று காலை மாலை இரண்டு வேளையும் ஊற்றினேன். இன்னும் மஞ்சளானது. சத்துக் குறைவோ என்று மண்புழு உரம் கரைத்து ஊற்றினேன். இப்போது முழுக் கொடியும் வைக்கோல் மாதிரி நிற்கிறது. வீட்டில் எல்லாரும் பிடுங்கிப் போட்டுவிட்டு உருப்படியாக ஏதாவது வை என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. நான் எங்கே தப்பு செய்தேன்?

கறுப்புமண் | ஜனவரி 11, இரவு 9.34

முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். பாக்கியை அப்புறம் பேசலாம்.

வேலியோரம் | ஜனவரி 11, இரவு 10.50

சாரல், நீங்கள் தப்பு செய்தது டிசம்பருக்குப் பிறகுதான். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது.

செங்காந்தள் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற கொடி இல்லை. மழையோடு முளைக்கும், ஏறும், பூக்கும், காய்க்கும், அப்புறம் மண்ணுக்கு மேலே இருப்பதையெல்லாம் கைவிட்டுவிட்டுக் கிழங்குக்குள் போய் ஒடுங்கிவிடும். அடி இலையிலிருந்து மஞ்சளாகி மேலே போவதுதான் அதன் வழக்கம். இலையில் இருக்கிற சத்தைக் கிழங்குக்கு இறக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நமக்கு நோய் மாதிரித் தெரியும்.

நீங்கள் ஜூனில் வைத்த கிழங்கு இப்போது அங்கே இருக்காது. அதன் சத்தையெல்லாம் தின்றுதான் கொடி வளர்ந்தது. அது சுருங்கித் தோலாகப் போயிருக்கும். அதற்குப் பதில் புதுக் கிழங்கு கட்டியிருக்கும். வருடா வருடம் இப்படித்தான், பழசு போகும், புதுசு வரும். அதனால் மேலே காய்ந்ததை வைத்துச் செத்தது என்று முடிவு கட்ட முடியாது.

கவலைப்பட வேண்டியது வேறு. இலை இல்லாத கொடி தண்ணீர் குடிக்காது. நீங்கள் ஊற்றிய தண்ணீரெல்லாம் தொட்டியில் அப்படியே நின்றிருக்கும். தூங்குகிற கிழங்கு ஈரத்தில் கிடந்தால் அழுகும். ஒரு மாதம் இரண்டு வேளை என்கிறீர்கள். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

மொட்டைமாடி | ஜனவரி 12, காலை 7.05

ஒரு சுலபமான சோதனை இருக்கிறதே. தண்டைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். பிடிப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. கையோடு வந்துவிட்டால் கதை முடிந்தது.

கறுப்புமண் | ஜனவரி 12, காலை 7.40

மொட்டைமாடி அண்ணே, உங்கள் ரோஜா ஆலோசனையெல்லாம் தலைமேல் வைத்துக்கொள்வேன். இது வேண்டாம். இரண்டு விதத்திலும் தப்பு.

நன்றாக முற்றி அடங்கிய செடியில் காய்ந்த தண்டு தானாகவே கிழங்கிலிருந்து கழன்றுவிடும். கையோடு வந்தால் நல்ல செய்தி என்றுகூடச் சொல்லலாம். பிடிப்பாக இருந்தால் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அப்போது இழுத்தால் கிழங்கு ஒடியும்.

நான் பட்டவன், அதனால் சொல்கிறேன். முதல் வருடம் இப்படித்தான் 'லேசாக' இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம், பச்சைக் கேரட்டை ஒடித்த மாதிரி. தோண்டிப் பார்த்தால், கவட்டை மாதிரி இரண்டு கையாகப் பிரிந்த கிழங்கின் ஒரு கை நடுவில் முறிந்து கிடந்தது. சரி, முறிந்த துண்டும் முளைக்கும் என்று நினைத்து இரண்டையும் நட்டேன். முனை இருந்த துண்டு முளைத்தது. மற்றது ஏழெட்டு மாதம் மண்ணுக்குள் அப்படியே கிடந்து கடைசியில் கரைந்துபோனது. உருளைக்கிழங்கில் திரும்பின பக்கமெல்லாம் முளைக்கிற கண். இதில் ஒரு கைக்கு ஒரே கண், அதுவும் நுனியில். அந்த நுனி போனால் அந்தக் கை வெறும் மாவுக்கட்டி.

மொட்டைமாடி | ஜனவரி 12, காலை 8.15

சரி சரி, வாபஸ். ரோஜாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாரல் | ஜனவரி 12, மாலை 6.30

நல்லவேளை, இழுப்பதற்கு முன் படித்துவிட்டேன்! தோண்டிப் பார்க்கலாமா, இல்லை அப்படியே விட்டுவிடலாமா? தண்ணீர் நேற்றே நிறுத்திவிட்டேன். மேல்மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

வேலியோரம் | ஜனவரி 12, இரவு 9.10

பொதுவாக நான் தோண்டச் சொல்ல மாட்டேன். தரையில் இருக்கிற என் செடிகளை ஆறு வருடமாகத் தொட்டதில்லை. ஆனால் உங்கள் தொட்டி ஊறிப்போயிருக்கிறது, உள்ளே அழுகல் ஆரம்பித்திருந்தால் இப்போதே வெட்டி எறிந்தால்தான் மிச்சம் பிழைக்கும். அதனால் தோண்டுங்கள். நாளைக்கே வேண்டாம், ஒரு வாரம் போகட்டும். தொட்டியை மழை படாத, காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். மண் உதிரும் பதத்துக்கு வந்தபிறகு தொட்டியை மெல்லச் சாய்த்து, மண்ணை மொத்தமாகக் கொட்டுங்கள். கொத்துக்கரண்டி, குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது. கடைசியில் கையால்தான் துழாவ வேண்டும்.

கையுறை கட்டாயம். இது விளையாட்டுச் செடி இல்லை.

தும்பைப்பூ | ஜனவரி 13, காலை 11.25

இடையில் ஒரு கேள்வி. கையுறை என்றதும்தான் ஞாபகம் வந்தது. இந்தக் கிழங்கு விஷம் என்கிறார்கள், மூட்டுவலிக்கு மருந்து என்றும் சொல்கிறார்கள். எது உண்மை? இன்னொரு பெயர் கண்வலிக் கிழங்காமே, அப்படியென்றால் கண்ணுக்கும் மருந்தா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, ஒரு பூனை. வைக்கலாமா என்று யோசனை.

மட்டுறுத்துநர் | ஜனவரி 13, பகல் 12.40

தும்பைப்பூ, இதற்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன், யாராவது கை மருந்து எழுதுவதற்குள்.

இரண்டும் உண்மை, ஆனால் ஒரே எடையில் அல்ல. செங்காந்தளில் கோல்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம், இலை, தண்டு, பூ எதுவும் விலக்கல்ல. கீல்வாதத்துக்கு, அதாவது யூரிக் அமிலம் சேர்ந்து வருகிற மூட்டுவலிக்கு, மருத்துவர்கள் கோல்சிசின் மாத்திரை எழுதுவது உண்டு. அது மில்லிகிராம் கணக்கில் அளந்து செய்த மாத்திரை. குணப்படுத்தும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையில் அதிக தூரம் இல்லாத மருந்து. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை எந்த வீட்டிலும் அளக்க முடியாது.

இது செல்களைப் பிரியவிடாமல் நிறுத்துகிற நஞ்சு. தின்றதும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பிக்கும், அதைக் கெட்டுப்போன சாப்பாட்டின் கோளாறு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ரத்த அணுக்கள் குறையும், சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாக அடி வாங்கும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும். இதை முறிக்கும் மருந்து என்று மருத்துவமனைகளில் தயாராக எதுவும் இருப்பதில்லை. யாராவது தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் ஓட வேண்டும், கையில் மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு. சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு.

பெயரில் 'கண்வலி' இருப்பதால் கண்ணில் விடலாம் என்று தயவுசெய்து யாரும் நினைக்காதீர்கள். இந்த இழையில் கை மருந்துப் பேச்சு வந்தால் நீக்கிவிடுவேன்.

தும்பைப்பூ | ஜனவரி 13, பகல் 1.05

படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. குழந்தை வளரும் வரை எனக்கு வேண்டாம்.

வேலியோரம் | ஜனவரி 13, இரவு 8.30

நல்ல முடிவு என்றே சொல்வேன். செங்காந்தளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இங்கே தெரியும், ஆனாலும் மண்ணைத் தோண்டி வாயில் வைக்கிற வயதுக் குழந்தையும் இந்தக் கிழங்கும் ஒரே வீட்டில் வேண்டாம். விதை இன்னும் மோசம். பழுத்த காய் வெடித்து உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் மணி மணியாக மின்னும், மிட்டாய் மாதிரி. பூனை, நாய், ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் ஆகாது.

கறுப்புமண் | ஜனவரி 13, இரவு 9.02

தாவர வளர்ப்பில் இதே நஞ்சுக்கு இன்னொரு வேலை உண்டு. செல் பிரியும்போது தடுத்துவிடுவதால் நிறப்புரிகள், அதாவது குரோமோசோம்கள், இரட்டித்து நின்றுவிடும். 1937 முதல் இதை வைத்துத்தான் பெரிய பூ, விதையில்லாப் பழம் என்று புதுப் புது ரகங்கள் உண்டாக்கினார்கள். விதையில்லாத் தர்பூசணிக்குப் பின்னால் கோல்சிசின் இருக்கிறது. கிளைக்கதைதான், மன்னிக்கவும்.

சாரல் | ஜனவரி 20, மாலை 5.50

தோண்டிவிட்டேன். அறிக்கை இதோ.

பழைய சாக்கை விரித்து, தொட்டியைச் சாய்த்து, மண்ணை மெல்லத் தட்டிக் கொட்டினேன். மேல்பாதி பொலபொலவென்று வந்தது. அடியில் ஒரு கையளவு மண் களி மாதிரி, ஒரு புளிச்ச வாடை. தண்டு கறுப்புமண் சொன்ன மாதிரி தானாகக் கழன்று விழுந்தது. அது இருந்த இடத்தில் காய்ந்த மிளகாய்த் தோல் போலச் சுருங்கி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் நான் ஜூனில் நட்ட கிழங்கு என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

புதுக் கிழங்கு ஒன்றுதான், ஆனால் இரண்டு கை. விரித்த கவட்டை மாதிரி. ஒரு கை என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், வெளிர்ப் பழுப்பு, அழுத்தினால் கல் மாதிரி. நுனியில் ஒரு சின்ன வெளுத்த முண்டு. அதுதானே கண்? இன்னொரு கை பாதிக்கு மேல் கறுத்து, தொட்டால் விரல் உள்ளே போகிறது. அந்த வாடை அதிலிருந்துதான்.

நல்ல கை பிழைக்குமா?

கறுப்புமண் | ஜனவரி 20, மாலை 6.20

பிழைக்கும். அழுகிய கையை முழுசாக வெட்டிவிடுங்கள். கவட்டையின் முட்டி வரைக்கும், வெட்டின முகம் வெள்ளையாகத் தெரியும் வரைக்கும். பழுப்பு நரம்பு ஒன்று தெரிந்தாலும் இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள், தயவு தாட்சண்யம் வேண்டாம். வெட்டுவதற்கு முன் கத்தியைத் தீயில் காட்டுங்கள், அதற்கப்புறம் அந்தக் கத்தி சமையலறைக்குள் போகக் கூடாது. வெட்டிய இடத்தில் பூஞ்சாணக்கொல்லித் தூளைத் தடவி, நிழலில் நான்கைந்து நாள் வையுங்கள். தோல் மாதிரிக் காய்ந்து மூடிக்கொள்ளும்.

வெட்டி எறிந்ததை உரக்குழியில் போடாதீர்கள். அழுகல் அங்கேயும் பரவும்.

வேலியோரம் | ஜனவரி 20, இரவு 9.45

ஆமாம், அந்த வெளுத்த முண்டுதான் கண். இனி அதுதான் உங்கள் செடி. விரல் நகம் பட்டால்கூடப் போய்விடும், கவனம்.

காய்ந்த பிறகு ஒரு மண்சட்டியிலோ அட்டைப் பெட்டியிலோ உலர்ந்த மணலோ மரத்தூளோ போட்டு, அதற்குள் படுக்க வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துவிடும். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், இது வெப்பநாட்டுக் கிழங்கு, அந்தக் குளிர் ஆகாது. பெட்டிமேல் 'விஷம்' என்று எழுதுங்கள். வீட்டில் யாராவது எடுத்துக் குழம்பில் போட்டால் நான் பொறுப்பில்லை.

மொட்டைமாடி | ஜனவரி 21, காலை 6.55

தரையில் இருந்தால் தோண்ட வேண்டாம் என்கிறீர்கள், தொட்டியில் தோண்டச் சொல்கிறீர்கள். என் மாடியில் இரண்டு தொட்டி, இரண்டும் இப்போது மொட்டைதான். நான் என்ன செய்ய?

வேலியோரம் | ஜனவரி 21, இரவு 8.20

நீங்கள் ஊற்றாமல் இருந்தீர்களா?

மொட்டைமாடி | ஜனவரி 21, இரவு 8.31

மறந்தே போய்விட்டேன்.

வேலியோரம் | ஜனவரி 21, இரவு 8.40

அப்படியென்றால் சாரலைவிட நல்ல நிலைமையில் இருக்கிறீர்கள். தோண்ட வேண்டாம். நேர் வெயில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடித் தரையின் சூட்டில் சின்னத் தொட்டி அடுப்பாகிவிடும், கிழங்கு வற்றிப்போகும். நிழலில் ஒரு மூலையில் தள்ளிவிட்டுத் திரும்பவும் மறந்துவிடுங்கள்.

கறுப்புமண் | ஜனவரி 22, காலை 9.10

இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். ரொம்ப உலர்ந்த, அனல் காற்று வீசுகிற இடமாக இருந்தால் மாதம் ஒருமுறை தொட்டியின் ஓரமாக ஒரு குவளை தெளிக்கலாம் என்பது என் அனுபவம். தொட்டி சின்னதானால் கிழங்கு சுருங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரே கூடாது என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன்.

வேலியோரம் | ஜனவரி 22, இரவு 9.00

உங்களுக்குக் கை அளவு தெரியும், குவளை என்றால் குவளையோடு நிற்பீர்கள். புதியவர்களிடம் 'கொஞ்சம்' என்றால் என்ன ஆகும் என்று இந்த இழையின் முதல் பதிவிலேயே இருக்கிறது. சுருங்கிய கிழங்கு பல நேரம் முளைத்துவிடும். அழுகியது எந்த நேரத்திலும் முளைக்காது. அதனால் நான் சொட்டுக்கூட வேண்டாம் என்றே சொல்வேன்.

கறுப்புமண் | ஜனவரி 22, இரவு 9.12

அதுவும் சரிதான்.

சாரல் | ஏப்ரல் 27, மாலை 4.15

நான்தான் மறுபடியும். பெட்டியை இன்று திறந்து பார்த்தேன். கண் லேசாகப் புடைத்து, நுனியில் ஊதாச் சாயல் தெரிகிறது. கிழங்கு அதே கெட்டி. நடலாமா? போனமுறை எப்படி வைத்தேன் என்றே ஞாபகமில்லை, குழியில் போட்டு மூடினேன், அவ்வளவுதான். கண் மேலே பார்த்து நட்டமாக நிறுத்த வேண்டுமா?

வேலியோரம் | ஏப்ரல் 27, இரவு 8.50

கண் முழித்துவிட்டது, இனிப் பெட்டியில் வைக்க வேண்டாம். முளை நீண்டபிறகு நட்டால் ஒடிப்பது நிச்சயம்.

நட்டமாக வேண்டாம், படுக்கப் போடுங்கள். கண் தானாக மேலே திரும்பும். மேலே நான்கு விரல் மண் இருந்தால் போதும். கண் இருக்கும் நுனி தொட்டியின் நடுவுக்கு வருகிற மாதிரி வையுங்கள், இல்லையென்றால் கொடி தொட்டி விளிம்பில் முளைத்து, கம்பு ஒரு பக்கமும் செடி ஒரு பக்கமுமாக நிற்கும். ஒரு முழ ஆழமாவது உள்ள தொட்டி நல்லது.

மண்ணில்தான் பாதி விஷயம் இருக்கிறது. செம்மண் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. மக்காத சாணத்தைப் போட்டால் சூட்டிலும் பூஞ்சையிலும் கிழங்கு போய்விடும். தேங்காய் நார்க்கழிவு இங்கே பலருக்குச் செல்லப்பிள்ளை, எனக்கு இந்தச் செடிக்கு மட்டும் பிடிக்காது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் அரை நிமிஷத்தில் அடியில் சொட்ட வேண்டும், அதுதான் அளவுகோல்.

நட்டதும் ஒருமுறை நனையுங்கள். அப்புறம் முளை தெரியும்வரை மேல்மண் காய்ந்தால் மட்டும்.

கறுப்புமண் | ஏப்ரல் 27, இரவு 9.30

கம்பை இப்போதே ஊன்றிவிடுங்கள். முளைத்தபிறகு ஊன்றப் போய்க் கிழங்கைக் குத்தியவர்கள் பட்டியலில் என் பெயர் இரண்டு முறை இருக்கிறது.

சாரல் | ஏப்ரல் 28, காலை 7.20

போன வருடம் வைத்த மூங்கில் கம்பு இருக்கிறது, கட்டைவிரல் பருமன். ஆனால் கொடி அதைப் பிடிக்கவே இல்லை, நான்தான் நூல் போட்டுக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

வேலியோரம் | ஏப்ரல் 28, இரவு 8.05

பிடிக்காது. செங்காந்தள் அவரை மாதிரித் தண்டால் சுற்றி ஏறுகிற கொடி இல்லை. பாகல் மாதிரித் தனியாகப் பற்றுக்கம்பி விடுகிற கொடியும் இல்லை. இலையே நுனியில் மெலிந்து மெலிந்து ஒரு கம்பியாகிச் சுருளும். ஓர் இலையை எடுத்து அடியிலிருந்து நுனிவரை விரலை ஓட்டிப் பாருங்கள், இலை எங்கே முடிந்தது, கம்பி எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. அந்தச் சுருள் ரொம்பச் சின்னது. ஈர்க்குச்சி, மெல்லிய கம்பி, சணல், பக்கத்துச் செடியின் காம்பு, இதைத்தான் வளைத்துப் பிடிக்க முடியும். கட்டைவிரல் பருமன் அதற்குச் சுவர் மாதிரி.

காட்டில் இது புதருக்குள் முளைத்து, முள்செடியின் மெல்லிய கிளைகளைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வருகிற செடி. அதனால் நான் காய்ந்த குச்சிகளை, கிளையும் சிம்புமாக, விசிறி போல ஊன்றிவிடுவேன். கோழிவலை இருந்தாலும் நன்று. ஆறடி வரைக்கும் இடம் கொடுங்கள். அடிப்பகுதி நிழலிலும் தலை வெயிலிலும் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

தலைப்பை ஒடித்துவிடாதீர்கள். மற்ற கொடிகளில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும், நமக்கு அந்தப் பழக்கம் கையிலேயே இருக்கும். இதில் பூ வருவதே தலைப்பகுதியில்தான். சின்னதிலேயே கிள்ளிவிட்டால் அந்த வருடப் பூவையும் சேர்த்துக் கிள்ளிய மாதிரி.

மொட்டைமாடி | மே 19, காலை 6.40

மறந்த இரண்டு தொட்டியில் ஒன்று முளைத்துவிட்டது! ஒரே தொட்டியில் இரண்டு முளை, ஒரு சாண் இடைவெளியில். இரண்டு செடியா?

கறுப்புமண் | மே 19, காலை 8.00

ஒரே கவட்டையின் இரண்டு கண். இரண்டும் தனித்தனிக் கொடியாகப் போகும், இந்தப் பருவம் முடிந்தால் இரண்டு புதுக் கவட்டை கிடைக்கும். இது பெருகுவது இப்படித்தான். அவசரப்பட்டு இப்போது பிரிக்காதீர்கள்.

தும்பைப்பூ | மே 19, பகல் 2.10

விதை போட்டால் வராதா? வளர்க்கப் போவதில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

கறுப்புமண் | மே 19, மாலை 5.25

வரும். ஆனால் பொறுமை வேண்டும். முளைக்கவே சில வாரம், சில சமயம் மாதக்கணக்கு. முதல் வருடம் புல் மாதிரி நாலு இலை, அதோடு அடங்கிவிடும். அடியில் பட்டாணி அளவு கிழங்கு. அடுத்த வருடம் கொஞ்சம் பெரிது. பூப் பார்க்க மூன்று வருடமாவது ஆகும். கிழங்கில் நட்டால் அதே வருடம். இருந்தாலும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கிழங்கை நட்டுவிட்டுப் பூக்கவில்லையே என்று வருத்தப்படக் கூடாது. அது இன்னும் குழந்தை.

சாரல் | ஜூன் 23, காலை 8.10

அவசரம்! கொடி நெஞ்சு உயரம் வந்துவிட்டது, நல்ல பச்சை. இன்று காலை பார்த்தால் மேல் இலைகள் பாதி காணோம். கறுப்புப் புழுக்கள், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும். பத்துப் பதினைந்து இருக்கும். இவ்வளவு விஷமான செடியை இது எப்படித் தின்கிறது?

வேலியோரம் | ஜூன் 23, காலை 8.25

காந்தளையும் அல்லி வகைச் செடிகளையும் தேடி வருகிற அந்துப்பூச்சியின் புழு அது. அதன் அறிவியல் பெயரிலேயே காந்தள் இருக்கிறது, பொலிடெலா குளோரியோசே. நமக்கு விஷம், அதற்கு விருந்து. பளிச்சென்ற அந்த நிறமே 'என்னைத் தின்னாதே' என்று பறவைகளுக்குச் சொல்கிற எச்சரிக்கை.

பத்துப் பதினைந்துக்கு மருந்து வேண்டாம். கையுறை போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலையின் அடிப்பக்கமும் பாருங்கள், முட்டையும் குட்டிப் புழுவும் அங்கேதான் கூட்டமாக இருக்கும். மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். தினமும் ஒரு தடவை பார்வை. இரண்டே நாள் அசந்தால் வெறும் தண்டுதான் நிற்கும்.

மொட்டைமாடி | ஜூன் 23, காலை 9.00

போய்ப் பார்த்தேன். எனக்கும் நாலு. நன்றி சாரல்.

சாரல் | ஜூன் 30, இரவு 8.45

ஒரு வாரமாகக் காலையில் முதல் வேலை புழுப் பொறுக்குவதுதான். மொத்தம் முப்பத்தொன்று. நேற்றும் இன்றும் ஒன்றும் இல்லை. தலைப்பு தப்பிவிட்டது. இலைக் கணுக்களில் பச்சையாக ஏதோ தொங்குகிறது, மொட்டா?

கறுப்புமண் | ஜூன் 30, இரவு 9.05

மொட்டுதான். நைட்ரஜன் உரம் இனி வேண்டாம், சாம்பல் ஒரு கைப்பிடி போதும். தண்ணீரை விட்டு விட்டு ஊற்றாமல் ஒரே சீராகக் கொடுங்கள், இந்த நேரத்தில் காயவிட்டால் மொட்டு உதிரும்.

சாரல் | ஜூலை 16, காலை 7.35

பூத்துவிட்டது. போன வருடம் பூத்ததும் பார்த்தேன், ஆனால் இப்போதுதான் கிட்ட உட்கார்ந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் பச்சையும் மஞ்சளுமாக, தலைகுனிந்து, இது காந்தளா என்று சந்தேகப்படும்படி இருந்தது. அப்புறம் இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடங்கி மேலே போயின. ஓரமெல்லாம் நெளி நெளியாக. நுனியிலிருந்து சிவப்பு இறங்கியது. இன்றைக்கு அடியில் மட்டும் மஞ்சள், மேலே நெருப்பு. கீழே இருக்கிற இன்னொரு பூ முழுச் சிவப்பாகிவிட்டது. ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் நிற்கின்றன. பழைய பாட்டில் ஏன் பெண்ணின் விரலுக்கு இதை உவமை சொன்னார்கள் என்று இப்போது புரிகிறது, அந்த மடங்கிய இதழ்களைப் பார்த்தால் விரல்தான்.

ஒரு சந்தேகம். ஆறு மகரந்தத் தண்டும் குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் சூலகத்திலிருந்து வருகிற தண்டு மட்டும் அடியிலேயே முறித்து மடக்கிய மாதிரி பக்கவாட்டில் போகிறது. எல்லாப் பூவிலும் அப்படியே. புழு கடித்த கோளாறா?

வேலியோரம் | ஜூலை 16, இரவு 8.10

கோளாறு இல்லை, அதுதான் இந்தப் பூவின் சாமர்த்தியம். சூல்தண்டு செங்குத்தாக மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி வெளியே நிற்கிறது. அதனால் ஒரு பூவின் மகரந்தம் தானாக அதே பூவின் சூல்முடியில் விழுவது கஷ்டம். பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ தேனுக்காக அடியில் வந்தால், இறக்கையிலும் தலையிலும் மகரந்தம் ஒட்டும். அடுத்த பூவுக்குப் போகும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சூல்முடியில் அது தடவிவிடும்.

மாடியில், பூச்சி வராத இடத்தில் பல பூ காய்க்காமலே வாடும். விதை வேண்டுமானால் காலையில் ஒரு மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டுவிடுங்கள். சூல்முடி மூன்றாகப் பிளந்திருக்கும், நுனியில் பட்டால் போதும். விதைக்காக வளர்ப்பவர்கள் வயலிலேயே இப்படிப் பூப்பூவாகக் கையால் செய்கிறார்கள். அழகுக்கு மட்டும் என்றால் செய்யாதீர்கள். காய் பிடித்தால் சத்தெல்லாம் அங்கே போகும், உங்களுக்கு இந்த வருடம் கிழங்கு பெருக்க வேண்டும்.

காய் பிடிக்காமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் இது தப்பிப்போய்க் களையாகப் பரவி அங்கே பெரிய தலைவலி. அழகுக்குத்தான் கொண்டுபோனார்கள்.

மட்டுறுத்துநர் | ஜூலை 17, காலை 10.20

தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலர், ஆஸ்திரேலியாவில் களை. எல்லாம் ஒரே செடி. சாரல், படத்தை இழையில் போட்டால் முகப்புக்கு எடுத்துக்கொள்கிறேன்.

மொட்டைமாடி | ஜூலை 17, மாலை 6.00

எனக்கு ஒரு கொடியில் ஆறு மொட்டு, இன்னொன்றில் வெறும் இலை. அந்தக் கை சின்னதாக இருந்திருக்கும் போல. மறந்த இரண்டாவது தொட்டியில் இன்னும் ஒன்றும் வரவில்லை.

கறுப்புமண் | ஜூலை 17, இரவு 9.15

தோண்டிப் பாருங்கள் என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லவில்லை. இந்தக் கிழங்கு சில சமயம் ஒரு பருவம் முழுக்க எழுந்திருக்காமல் படுத்துவிட்டு அடுத்த வருடம் வருவதைப் பார்த்திருக்கிறேன். மழை முடியட்டும்.

சாரல் | டிசம்பர் 18, இரவு 7.55

அடி இலை மஞ்சளாக ஆரம்பித்துவிட்டது. பூவாளியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்.

கறுப்புமண் | டிசம்பர் 18, இரவு 8.02

ஏணியையும் எடுத்து ஒளித்து வையுங்கள்.